வீட்டுத் தச்சுப்பட்டறையில் எந்தக் கருவியை முதலில் மாற்றுவது? ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) கார் நிறுத்தும் இடத்தையோ பின்கட்டையோ பட்டறையாக்கி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிரில், வளைவு வெட்டும் ஜிக்சா, கையில் பிடிக்கும் வட்ட ரம்பம், நாலைந்து உளி, செங்கோணம் பார்க்க ஒரு மூலைமட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஓவர்டைம் காசும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. அடுத்து எதை மாற்றுவது?

இந்தக் கேள்வி வந்ததும் பலர் நேராக டேபிள் சா, அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பம், பார்க்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முதல் செலவு. மரத்தைத் தொடும் முனை, அளவு சொல்லும் கருவி, மரத்தை அசையாமல் பிடிக்கும் கருவி, கடைசியில் மோட்டார் என்ற வரிசையில் போனால் பாதிப் பேருக்குப் புது மெஷினே தேவைப்படாது.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு நோட்டு, கூரான பென்சில், வெட்டுப்படாத தொழிற்சாலை விளிம்பு உள்ள ஒரு பிளைவுட் துண்டு, சோதித்துப் பார்க்க மெராந்தி மரத் துண்டுகள் சில, ஒரு நல்ல டார்ச் லைட். இவை போதும்.

இருக்கிற கருவிகளை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள். தூசி அடைத்த சேண்டரும் (மரம் தேய்க்கும் மெஷின்) பிசின் ஒட்டிய பிளேடும் கெட்டுப்போன கருவி போலவே நடந்துகொள்ளும். அந்த நிலையில் வைத்து முடிவெடுத்தால் நல்ல கருவியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட நேரும்.

1. வேலைப் பட்டியலை எழுதுங்கள்

அடுத்த ஆறு மாதத்தில் உண்மையிலேயே செய்யப் போகும் வேலைகளை எழுதுங்கள். பெரியம்மா கேட்ட சாமி மேடை, பிள்ளைகளுக்கு ஒரு புத்தக அலமாரி, கோயில் அன்னதானக் கூடத்துக்கு இரண்டு பெஞ்சு என்பது போல. "என்றைக்காவது ஒரு கட்டில் செய்வேன்" என்பதெல்லாம் இதில் சேராது.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று குறியுங்கள்: முழு பிளைவுட் பலகை வெட்டுவது, சட்டத்தை நேராக்குவது, மூட்டு செதுக்குவது, துளை போடுவது, தேய்ப்பது. எது அடிக்கடி வருகிறதோ அதற்குத்தான் காசு போக வேண்டும். சாமி மேடைக்கும் அலமாரிக்கும் பிளைவுட் வெட்டும் தேய்ப்பும்தான் அதிகம். பெஞ்சுக்கு மூட்டும் துளையும். மூன்றிலும் வராத ஒரு கருவி எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

2. தடங்கல்களைக் குறித்து வையுங்கள்

இப்போது கையில் இருக்கும் வேலையைப் பழைய கருவிகளை வைத்தே செய்யுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே நிறுத்தி நோட்டில் எழுதுங்கள்: என்ன செய்தேன், என்ன ஆனது, சரிசெய்ய எவ்வளவு நேரம் போனது. "ரம்பம் சரியில்லை" என்று எழுதினால் பயனில்லை. "18 மி.மீ. பிளைவுட்டைக் குறுக்கே வெட்டும்போது மேல்பக்கம் பிய்ந்தது" என்று எழுதுங்கள்.

ஒருமுறை மட்டும் வந்த தடங்கலை விட்டுவிடலாம். அன்றைக்கு அவசரமோ மரம் ஈரமோ, யார் கண்டது? வேறு வேறு வேலையில் அதே குறை திரும்பத் திரும்ப வந்தால்தான் அது அடுத்த படிக்குப் போகும். புதியவர்கள் இந்தப் படியைத்தான் தாண்டி ஓடுகிறார்கள். வீடியோ பார்த்து ஆசை வந்திருக்கும், பட்டறையில் தடங்கல் என்று ஒன்றும் இருக்காது.

3. குறை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

அவசரம் வேண்டாத படி இது. ஒரே குறைக்கு நான்கு காரணம் இருக்கலாம்: முனை மழுங்கியது, கருவி சரியாக அமைக்கப்படாதது, மரம், கருவியே போதாதது. கடைசிக் காரணத்துக்குத்தான் புதுக் கருவி மருந்து.

வட்ட ரம்பம் மரத்தைக் கருக்கினால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பிளேடைக் கழற்றிப் பாருங்கள். கெருயிங் போன்ற பிசின் மரத்தை வெட்டியிருந்தால் பல்லெல்லாம் பழுப்பாக ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளேடில் கை வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

பிளைவுட் பிய்ந்தால் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். ரம்பத்தோடு வரும் 185 மி.மீ. பிளேடில் பெரும்பாலும் 24 பல் இருக்கும். மரத்தை நீளவாக்கில் கிழிக்க அது நல்லது. பிளைவுட்டுக்கும் குறுக்குவெட்டுக்கும் 40 முதல் 60 பல் வேண்டும். நல்ல பக்கத்தைக் கீழே வைத்து வெட்டினால் பிய்தல் இன்னும் குறையும். கையில் பிடிக்கும் ரம்பத்தில் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்முகம்தான் சிதறும்.

மூலைமட்டத்தைச் சோதிக்க பிளைவுட்டின் தொழிற்சாலை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தை மறுபக்கம் திருப்பி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி. விரிந்து போனால் அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. இந்தச் சோதனையில் தோற்ற மூலைமட்டம் எத்தனையோ பட்டறைகளில் "ரம்பம் கோணலாக வெட்டுகிறது" என்ற பழியை ரம்பத்தின் மேல் போட்டுக்கொண்டிருக்கிறது.

உளிக்குச் சோதனை மெராந்தியின் வெட்டுமுகம், அதாவது குறுக்கே அறுத்த முகம். கையால் தள்ளிச் சீவினால் வழவழப்பாக வர வேண்டும். நார் நொறுங்கிக் குழி விழுந்தால் உளி மழுங்கல்.

ஜிக்சா மட்டும் வேறு கதை. தடித்த மரத்தின் வளைவில் அதன் பிளேடு அடியில் சாய்வது அந்த மெஷினின் இயல்பு. நல்ல பிளேடு போட்டு மெதுவாகத் தள்ளினால் குறையும், முழுதாகப் போகாது. விலை கூடிய ஜிக்சாவிலும் போகாது.

அப்புறம் மரம். ஒட்டும்போது கச்சிதமாக இருந்த மூட்டு சில வாரத்தில் வாய் பிளந்தால் கருவியைத் திட்டாதீர்கள். நம் ஊர்க் காற்றில் நிழலில் வைத்த மரம் சுமார் 15 சதவீத ஈரத்தில் நிலைக்கும். ஏர்கோன் ஓடும் அறைக்குள் போனால் அதற்கும் கீழே இறங்கிச் சுருங்கும். தோட்டத்தில் மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரத்தைப் பலகையாக்கி உடனே வேலையில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஈரம் நிறைந்த மரம். மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பாயும், பூச்சியும் துளைக்கும். தொழிற்சாலைகளில் அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி உலர்த்துவது இதனால்தான். எந்த விலைக் கருவியும் ஈர மரத்தைக் காப்பாற்றாது. இந்தக் குறை உங்கள் நோட்டில் இருந்தால் கருவிக் காசில் ஒரு ஈரமானி வாங்குங்கள், அல்லது உலர்ந்த மரம் வாங்குங்கள்.

4. முனைகளை முதலில் மாற்றுங்கள்

மூன்றாம் படி முடிந்தும் மிஞ்சிய குறைகளில் பாதிக்கு மேல் இங்கேயே தீரும். மலிவான ரம்பத்தில் நல்ல பிளேடு, விலையுயர்ந்த ரம்பத்தில் மழுங்கிய பிளேடு இரண்டையும் பக்கத்தில் வைத்து வெட்டிப் பார்த்தவர்கள் இதில் வாதாட மாட்டார்கள்.

பிளேடு வாங்கும்போது விட்டம் மட்டும் பார்த்தால் போதாது. நடுத்துளையும் உங்கள் ரம்பத்தின் அச்சும் பொருந்த வேண்டும். பிளேடில் அச்சடித்த உச்ச சுழல்வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையக் கூடாது. கார்பைடு முனைப் பல்லையே வாங்குங்கள். தோட்டத்துப் பழைய லயத்து வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் செங்கால் (chengal), பலாவ் (balau) என்னும் கடின மரங்கள் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். அந்தப் பலகைகளில் ஆணி ஒளிந்திருக்கும். வெட்டும் முன் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் கார்பைடும் உடையும்.

உளியில் புதியவர்கள் செய்யும் தவறு பன்னிரண்டு உளி கொண்ட பெட்டியை வாங்குவது. 6, 12, 25 மி.மீ. ஆகிய மூன்று போதும். மிச்சக் காசுக்குத் தீட்டுக்கல் வாங்குங்கள்: 1000 நம்பரும் 6000 நம்பரும். அதுவும் கைக்கு எட்டாவிட்டால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீரில் நனைக்கும் உப்புத்தாள் ஒட்டித் தீட்டலாம். முதலில் உளியின் முதுகைத் தட்டையாக்குங்கள். பிறகு 25 பாகைச் சரிவு, அதன் நுனியில் மட்டும் 30 பாகைக்கு ஒரு சின்னச் சரிவு. முதுகு தட்டையாக இல்லாமல் சரிவை மட்டும் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தீட்டக் கற்ற பிறகும் கூர் உடனுக்குடன் போகிறதா? அப்போதுதான் எஃகு மோசம் என்று சொல்லலாம். அதற்கு முன் உளி மாற்றுவது வீண்.

5. அளவுக் கருவிகள்

இங்கே ஒன்று மாற்றினாலே போதும்: சோதனையில் தேறும் மூலைமட்டம். கடையிலேயே திருப்பிப் போட்டுச் சோதியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு வேலை முழுக்க ஒரே டேப்பை வைத்தே அளங்கள். இரண்டு டேப்பின் கொக்கி ஆட்டம் ஒன்றாக இருக்காது. அலமாரியின் இடப்பக்கத்தை ஒன்றால் அளந்து வலப்பக்கத்தை இன்னொன்றால் அளந்தால் அலமாரி ஆடும். மூட்டுக்குக் கோடு போட பென்சிலை விடக் கூரான கத்தி நல்லது. கத்திக் கோட்டில் உளி தானாகவே உட்காரும்.

6. பிடிப்பு: கிளாம்ப்பும் வேலைமேசையும்

அசையும் மரத்தில் நேரான வெட்டு வராது. கோணலான வெட்டு, சறுக்கிய உளி, இடம் மாறிய துளை என்று நோட்டில் இருப்பதில் ஒரு நல்ல பங்கு பிடிப்பு இல்லாததால் வந்தது. ஆனாலும் கிளாம்ப் வாங்க யாருக்கும் கை வராது. அதில் மோட்டார் இல்லை அல்லவா!

ஓர் அலமாரிக் கூட்டை ஒட்ட குறைந்தது நான்கு நீளக் கிளாம்ப் வேண்டும். 600 மி.மீ. அளவில் தொடங்குங்கள். அகலமான பலகை ஒட்டுவதானால் பைப் கிளாம்ப் சிக்கனம். தலையும் வாலும் மட்டும் வாங்கி, முக்கால் அங்குல இரும்புக் குழாயைத் தேவையான நீளத்துக்கு ஹார்ட்வேர் கடையில் வெட்டி மறை போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வேலைமேசை கனமாக இருக்க வேண்டும். மடக்கு மேசையில் இழைப்புளி ஓட்டினால் மேசையும் சேர்ந்து ஓடும். பழைய பலாவ் சட்டங்கள் நாலு கிடைத்தால் கால் செய்துகொள்ளுங்கள். இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, ஒரு வார இறுதி போதும்.

7. மெஷினுக்கு முன்: மின்சாரம், தூசி, துரு

நம் சுவர் பிளக் 13 ஆம்பியர், ஏறக்குறைய 3,000 வாட் வரை தாங்கும். கைமெஷின்களுக்கு அது தாராளம். சிக்கல் நீட்டிப்புக் கம்பியில்தான் வருகிறது. உருளையில் சுற்றிய கம்பியை முழுதாக அவிழ்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடி ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். மெல்லிய நீளக் கம்பியில் மின்னழுத்தம் குறையும், மோட்டார் திணறும். "ரம்பத்துக்குச் சக்தி இல்லை" என்ற புகாருக்கு இது ஒரு காரணம். மலேசியத் தரச்சான்றான சிரிம் (SIRIM) முத்திரை உள்ள, 1.5 சதுர மி.மீ. கம்பி போட்டதை வாங்குங்கள்.

மெயின் பெட்டியில் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடும் வரை எந்த மெஷினும் ஓட வேண்டாம். தோட்டத்துப் பழைய வீடாக இருந்தால் வயரிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மழைச்சாரல் அடிக்கும் முன்கட்டில் ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம் என்பதை மறக்காதீர்கள்.

தூசிக்கும் புது மெஷினுக்கு முன்பே காசு ஒதுக்குங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. N95 முகக்கவசம், சேண்டரில் மாட்ட ஒரு வேக்குவம், காதுக்கு அடைப்பான். காற்றோட்டமான முன்கட்டில் நின்றால் போதும் என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளைத்தான் பக்கத்தில் நின்று இழுக்கிறோம்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புப் பரப்புள்ள எதையும் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் வார்ப்பிரும்பு மேசை வைத்த மெஷினை நினைக்கவே வேண்டாம்.

8. கைமெஷின்களில் எது முதலில்

இவ்வளவுக்கும் பிறகு நோட்டில் மிஞ்சியதுதான் உண்மையான மெஷின் தேவை. பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளுக்கு நான் முதலில் சொல்வது 125 மி.மீ. சுழல் சேண்டர். எல்லா வேலையிலும் தேய்ப்பு உண்டு. அதில் போகும் நேரத்தை வேறு எந்த மெஷினும் இவ்வளவு குறைக்காது. தாளை 80, 120, 180 என்று படிப்படியாக ஏற்றுங்கள். 80இலிருந்து நேராக 180க்குத் தாவினால் வார்னிஷ் பூசியதும் சுருள் சுருளாகக் கீறல் தெரியும், பழி சேண்டருக்குப் போகும்.

அடுத்தது வட்ட ரம்பத்துக்கு ஒரு வழிகாட்டிச் சட்டம். நேரான அலுமினியச் சட்டத்தை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் சரி. 2440க்கு 1220 மி.மீ. பலகையைத் தரையில் நுரைப்பலகை விரித்து அதன்மேல் வைத்து இதில் வெட்டலாம். டேபிள் சா வேண்டும் என்பவர்களில் பலருக்கு வேண்டியது இதுதான்.

ராட்டர் (விளிம்பும் பள்ளமும் செதுக்கும் மெஷின்) வாங்குவதானால் காலெட் அளவை, அதாவது பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாயின் அளவைக் கவனியுங்கள். கால் அங்குலம் விளிம்பு வேலைக்குப் போதும். அரை அங்குலம் ஆழமான பள்ளத்துக்கு. 12 மி.மீ. தண்டும் அரை அங்குலத் தண்டும் ஒன்றல்ல. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. சின்னதைப் பெரியதில் மாட்டினால் பிடி நிற்காது, ஓடும்போது பிட் கழன்று பறக்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

பேட்டரி மெஷினுக்கு மாறுகிறவர்கள் ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பேட்டரியில் நில்லுங்கள். 18 வோல்ட்டா 20 வோல்ட்டா என்று குழம்ப வேண்டாம். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல்தான். சாதாரண அளவு 3.6 வீதம் 18, முழுதாக ஏற்றியவுடன் 20க்குக் கொஞ்சம் மேல். எழுதும் விதம்தான் வேறு. டிரில்லைப் பேட்டரியில் வாங்குங்கள். சேண்டரைக் கம்பியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அது பேட்டரியைக் குடித்துவிடும்.

9. டேபிள் சா: வாங்கும் முன் இடத்தை அளங்கள்

எட்டு அடி பலகையைத் தள்ள பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். இருபது அடி அகலத் தாமான் வீட்டின் முன்கட்டில் காரும் நின்றால் இது நடக்காது. சத்தம் இன்னொன்று. பக்கத்து வீட்டு அண்ணன் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவராக இருக்கலாம்.

இடம் இருக்கிறது, ஒரே அகலத்தில் சட்டங்களை நிறையக் கிழிக்கும் வேலையும் பட்டியலில் இருக்கிறது என்றால் வாங்குங்கள். பிளேடுக்குப் பின்னால் வெட்டு வாயை விரித்துப் பிடிக்கும் தடுப்புத் தகடு இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். வெட்டு வாய் மூடி பிளேடைக் கவ்வினால் மரம் உங்கள் வயிற்றை நோக்கித் திரும்பி வரும். மரம் உரசிச் செல்லும் பக்கத்துச் சட்டம் பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், பல் துணியைப் பிடித்தால் கையும் சேர்ந்து போகும்.

10. வாங்கும்போது

ஆன்லைன் விற்பனையில் வாட் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பெயர் தெரியாத மெஷின்களில் அந்த எண் எழுதுகிறவர் மனம்போல இருக்கும். கார்பன் பிரஷ், சுவிட்ச், அடித்தகடு ஆகியவை ஈப்போவிலாவது கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். உதிரி கிடைக்காத மெஷினுக்கு "தஹான் லாமா" (நீண்ட நாள் உழைக்கும்) என்று கடைக்காரர் எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை.

பழைய மெஷின் வாங்க வெட்கப்பட வேண்டாம். பிளக் மாட்டாமல் அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போயிருக்கிறது, விலையைக் குறைக்கலாம். ஓடவிட்டுக் காற்றுத் துளையைப் பாருங்கள். சின்னப் பொறி சாதாரணம். வட்டமாகச் சுற்றி எரியும் பொறியும் கருகல் வாடையும் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

11. வாங்கிய பின்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து வாங்கினால் எது குறையைத் தீர்த்தது என்று தெரியாது. புதியதை வைத்து இரண்டு வேலை முடித்த பிறகு நோட்டைத் திறந்து அந்தக் குறை இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள், கடைக்கு அல்ல.

பழையதை உடனே விற்காதீர்கள். புதியது சர்வீசுக்குப் போகும் நாளில் அது வேண்டியிருக்கும். விற்பதானால் டிரில்லை விற்கலாம், யாரும் வாங்குவார்கள். பழைய உளியை வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த பசை சுரண்ட நல்ல உளியை யார் எடுப்பது?